மரியாதை கூடிய ஊர்

டாக்டர் உனாய்சியோடு முப்பது வருடம் வேலை பார்த்தவன் என்று சொன்னால் ஃபிஜியின் தலைநகர் சுவாவில் இன்றைக்கும் எனக்கு நாற்காலி போடுவார்கள். சொல்லாவிட்டால் போடமாட்டார்கள். ஆகவே எங்கே போனாலும் முதலில் அதைச் சொல்லிவிடுவேன். அடுத்தவர் புகழில் குளிர்காய்கிறவன் என்று என் மனைவி ஏசுவாள். காய்ந்தால் என்ன? அந்தப் புகழுக்குச் சுள்ளி பொறுக்கிப் போட்டவர்களில் நானும் ஒருவன்.

எங்கள் வேலையைச் சொன்னால் பலருக்குச் சிரிப்பு வரும். ஃபிஜியர்கள் எங்களை எவ்வளவு நம்புகிறார்கள், இந்தியர்களாகிய நாங்கள் அவர்களை எவ்வளவு நம்புகிறோம் என்று வீடு வீடாகப் போய்க் கேட்பது. கரும்பு வெட்ட வந்த என் பாட்டன் காலத்திலிருந்து இரண்டு கூட்டமும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கிறது. நிலம் அவர்களுடையது, குத்தகை எங்களுடையது. நடுவில் என்ன இருக்கிறது என்று அளந்து சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆள் டாக்டர் உனாய்சி. எங்கள் சின்ன ஆய்வு நிலையத்தைத் தொடங்கிய அன்றே அவள் ஒரு விதி போட்டாள். எந்த வீட்டுக்கும் இருவர் சேர்ந்துதான் போக வேண்டும், ஒருவர் ஃபிஜியர், ஒருவர் இந்தியர். முதல் ஜோடி அவளும் நானும். முதல் வருடம் நான் அவளை மேடம் என்றேன், அவள் என்னை மிஸ்டர் குப்புசாமி என்றாள். இரண்டாம் வருடம் மழையில் வண்டி சகதியில் சிக்கி, இருவரும் சேர்ந்து தள்ளி, மூக்குவரை சேறான பிறகு நான் குப்பு ஆனேன். அவளைச் சீண்டும்போது மட்டும் டாக்டரம்மா என்பேன்.

உனாய்சியின் பெருமையைச் சொல்ல வேண்டுமென்றால் அவள் செய்த தப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும். முதல் ஆய்வில் அவள் வைத்த முக்கியமான கேள்வி, “பக்கத்து இனத்துக்காரர் உங்களிடம் மரியாதையாகப் பேசுகிறாரா?” என்பது. மரியாதை கூடின ஊரில் நம்பிக்கையும் கூடுதல் என்று கணக்குப் போட்டாள். பெரிய கட்டுரையாக வந்தது. வெளிநாட்டில் விருது கூடக் கொடுத்தார்கள். அதன் பிறகு, இந்தியர் ஒருவர் பிரதமராக இருந்த ஆட்சியைக் கவிழ்க்கத் துப்பாக்கிக்காரர்கள் நாடாளுமன்றத்துக்குள் புகுந்த வருடம் வந்தது. எந்தெந்த ஊரில் மரியாதை உச்சத்தில் இருந்ததோ, அந்தந்த ஊரிலிருந்துதான் இந்தியக் குடும்பங்கள் சட்டி பானையோடு லாரி ஏறின. ஒருவரையொருவர் காது கூசத் திட்டிக்கொண்டிருந்த ஊர்களிலோ ஃபிஜியர்கள் இந்தியர் வீட்டு வாசலில் பாய் விரித்துப் படுத்துக் காவல் காத்தார்கள்.

வேறு யாராக இருந்தாலும் சத்தமில்லாமல் கேள்வியை மாற்றிவிட்டுப் போயிருப்பார்கள். உனாய்சி மேடையேறி, வந்திருந்த பேராசிரியர்கள் எல்லோர் முன்னாலும், என் கட்டுரை தப்பு, அதை யாரும் நம்பாதீர்கள் என்றாள். இந்த நாட்டில் மரியாதை என்பது பயத்தின் பேச்சு, ஒருவனை வைய முடிந்தால்தான் அவன் உறவுக்காரன், இதுகூடத் தெரியாமல் நான் டாக்டர் பட்டம் வாங்கியிருக்கிறேன் என்றாள். அரங்கில் ஒரு கை தட்டவில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்து நான் தட்டினேன். அன்றிலிருந்து எங்கள் ஆய்வில் ஒரு கேள்வி நிலைத்துவிட்டது. “அந்தப் பக்கத்தில் யார் வீட்டுக்குப் போய் அவரைத் திட்டிவிட்டுச் சிரித்தபடி திரும்பி வருவீர்கள்?” அரசாங்கம் இரண்டு முறை இந்தக் கேள்வியை நீக்கச் சொன்னது. அவள் கேட்கவில்லை.

இனி வுனிலாலா என்ற ஊரின் கதைக்கு வருகிறேன். லம்பாசா நகரிலிருந்து கரும்பு லாரி போகும் மண்சாலையில் உள்ளே போனால் ஆற்றுக்கு இந்தக் கரையில் இந்தியக் கரும்புக்காரர்கள், அந்தக் கரையில் ஃபிஜியர் கிராமம். நடுவில் ஒரு பள்ளிக்கூடம். எங்கள் ஆட்கள் கட்டியது, அவர்கள் நிலத்தில் நிற்கிறது, இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அடித்துக்கொள்கிறார்கள். எங்கள் முப்பது வருடக் கணக்கில் நம்பிக்கை மிக அதிகமாக வந்த ஊர் இதுதான்.

உனாய்சி ஓய்வு பெற இன்னும் இரண்டு மாதம் இருந்தபோது, கல்விக்குப் பணம் கொடுக்கும் ஒரு வெளிநாட்டு அமைப்பு டங்கன் என்ற இளைஞரை அங்கே அனுப்பியது. நல்ல பையன். மொழிபெயர்ப்பாளர் ஒருவரை வைத்துக்கொண்டு பள்ளி வாசலிலும் கடையிலும் வாரக்கணக்கில் உட்கார்ந்து, யார் யாரை என்ன சொல்கிறார்கள் என்று குறித்தார். பெற்றோர்கள் பிள்ளைகளைக் கூட்டிப் போக வரும்போது பேசுவதைக் கேட்டு அவருக்கு வியர்த்துவிட்டது. இரு இனத்தாருக்கும் இடையே கடும் பகை, கலவரம் எந்த நேரமும் வெடிக்கலாம், ஆற்றின் இரு கரையிலும் தனித்தனிப் பள்ளி கட்டிப் பிள்ளைகளைப் பிரிப்பதே பாதுகாப்பு என்று அறிக்கை கொடுத்தார். இது நன்றாக நடந்தால் தீவு முழுக்க இருக்கும் கலப்புப் பள்ளிகளையும் இப்படியே பிரிக்கலாம் என்று கடைசியில் ஒரு வரி.

அந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டு உனாய்சி அன்று சாப்பிடவில்லை. மீன் குழம்பும் சேப்பங்கிழங்கும் மேசையில் ஆறிப்போயின.

“நான் முப்பது வருஷம் முன்னாடி செஞ்ச அதே தப்பு, குப்பு,” என்றாள். “நான் ஒரு கட்டுரையத்தான் கெடுத்தேன். இந்தப் பையன் ஒரு தலைமுறையையே கெடுக்கப் போறான்.”

முடிவெடுக்க வேண்டியவர் கல்வித் துறைச் செயலாளர் எரோனி. பருத்த உடம்பு, குறைந்த பேச்சு, அவர் சிரித்ததாக அலுவலகத்தில் சாட்சி கிடையாது. உனாய்சி அவரிடம் போய், கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரே ஒரு நாள் வுனிலாலாவுக்கு வாருங்கள் என்று கேட்டாள். அதில் ஒரு சூட்சுமம் இருந்தது. எரோனி கிழக்குத் தீவுக்காரர். அந்தத் தீவும் வுனிலாலா கிராமமும் ஒரே மூதாதைத் தெய்வத்தின் வழிவந்தவை. அப்படிப்பட்டவர்கள் ஒருவருக்கொருவர் தௌவு. தௌவுக்காரனைப் பார்த்த இடத்தில் வையலாம், அவன் தட்டிலிருந்து எடுத்துத் தின்னலாம், இழவு வீட்டில்கூடக் கிண்டல் செய்யலாம். கோபித்துக்கொண்டால் கோபித்தவனுக்குத்தான் அவமானம். நம் மாமன் மச்சான் கேலியை ஊருக்கு ஊர் பட்டயம் எழுதிக் கொடுத்தது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். எரோனி வண்டியை விட்டு இறங்கியதும் கிராமத்தார் அவரை வறுத்தெடுப்பார்கள், கரும்புக்காரர்களும் கிராமத்தாரும் ஒருவரையொருவர் வறுப்பார்கள், வசவில் வளர்ந்த மனிதருக்கு வசவின் பொருள் தானே புரிந்துவிடும், நாம் வாயே திறக்க வேண்டாம் என்பது அவள் திட்டம். பிரமாதமான திட்டம் என்று நானும் சொன்னேன்.

போய் இறங்கினால் வாசலில் மாலையோடு நிற்கிறார்கள்.

கிராமத்தலைவர் இசிகேலி சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, ஐயா வரவேண்டும் என்றார். பக்கத்தில் கரும்புக்காரர் சங்கத் தலைவர் ராம்சேவக். இசிகேலி அவரைக் காட்டி, இவர் எங்கள் மதிப்புக்குரிய அண்டை வீட்டார் என்றார். ராம்சேவக் பதிலுக்குக் கை கூப்பி, எல்லாம் தலைவர் அவர்களின் பெருந்தன்மை என்றார். இந்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் பன்றி என்றும் பல்லில்லாத கழுதை என்றும் தவிர வேறு பெயரால் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை.

நாங்கள் காணிக்கையாகக் கொண்டுபோன யங்கோனா வேர்க்கட்டை முறைப்படி இசிகேலி முன் வைத்தோம். கரைத்துச் சிரட்டையில் ஊற்றிக் கொடுத்தார்கள். குடித்தவர்களெல்லாம் சடங்குப்படி மெதுவாகக் கை தட்டினார்கள். ஒருவர்கூட எரோனியின் வயிற்றைப் பற்றிப் பேசவில்லை. பிள்ளைகள் ‘தயவுசெய்து’, ‘நன்றி’ என்று கிளிப்பிள்ளை மாதிரி சொல்லிக்கொண்டு, பெஞ்சில் இடைவெளி விட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

 உனாய்சி என் முழங்கையைப் பிடித்த பிடி இன்னும் நினைவிருக்கிறது. முப்பது வருடம் அவள் கண்டுபிடித்துச் சொன்னது ஒன்றே ஒன்றுதான், ஊரில் மரியாதை திடீரென்று கூடினால் அடுத்து லாரி வரும்.

“இங்க என்னமோ நடந்துருக்கு,” என்றாள் மெதுவாக. “யாரையாவது வெட்டிட்டாங்களா? குத்தகையில தகராறா? போய்ப் பாருடா.”

நான் பள்ளிச் சமையல்கட்டுப் பக்கம் ராம்சேவக்கைத் தள்ளிக்கொண்டு போய், என்னய்யா ஆச்சு உங்களுக்கு என்று கேட்டேன். அவருக்கு ஒரே பெருமை. அந்த வெள்ளைக்காரப் பையன் நாங்கள் திட்டிக்கொள்வதாக எழுதிவிட்டானாமே, அதனால் பள்ளிக்கூடம் போகப்போகிறதாமே, அதான் பெரியவர் வருகிற அன்று ஒரு கெட்ட வார்த்தை வரக்கூடாது என்று இரண்டு கரையும் கூடி முடிவு செய்தோம் என்றார். மூன்று நாள் ஒத்திகை பார்த்தார்களாம். மரியாதையாகப் பேசத் தெரியாமல் இசிகேலி திணறியதையும், அதற்காகத் தான் அவரை எருமை என்று ஏசிச் சொல்லிக் கொடுத்ததையும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். டாக்டரம்மா மானத்தைக் காப்பாற்றிவிட்டோம் இல்லையா என்று என்னைக் கேட்டார். அவர் தலையில் ஒரு குட்டு வைக்கலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

ஓடிவந்து உனாய்சியிடம் சொன்னேன். அவளுக்குப் போன உயிர் திரும்பியது. அதற்குள் எரோனி எழுந்துவிட்டார்.

இவ்வளவு மரியாதையான ஊரைத் தான் பார்த்ததில்லை என்றார். அந்த அறிக்கை எதை வைத்து எழுதப்பட்டது என்று தெரியவில்லை, இங்கே பகையின் சுவடே இல்லை, பள்ளியைப் பிரிக்க வேண்டிய அவசியமும் இல்லை என்றார். கூட்டம் மரியாதையாகக் கை தட்டியது. ராம்சேவக் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார். நானும் சிமிட்டினேன். வந்த வேலை முடிந்தது, கும்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

உனாய்சி எழுந்து நின்றாள். நான் அவள் இடுப்பில் சுற்றிக் கட்டியிருந்த சுலுத் துணியின் ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். வாயில் விழுந்த பழத்தை எதற்குத் துப்புகிறாய் என்று கேட்காமல் கேட்டேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள்.

“ஐயா, நீங்க இன்னிக்குப் பார்த்தது நாடகம்,” என்றாள். “பள்ளிக்கூடம் போயிடுமோன்னு பயந்து போட்ட நாடகம். டங்கன் எழுதினது அத்தனையும் நிஜம். இவங்க தினமும் அப்படித்தான் திட்டிக்குவாங்க.”

 இசிகேலியின் வாய் திறந்தபடி நின்றுவிட்டது.

அப்படியென்றால் அறிக்கை சரிதானே, பிறகு ஏன் நான் கையெழுத்துப் போடக்கூடாது என்று எரோனி கேட்டார். குரலில் கோபம் ஏறியிருந்தது. தன்னை ஏமாற்றியதாக நினைத்துவிட்டார். நினைக்கத்தானே செய்வார்.

“மரியாதையப் பார்த்து இந்தப் பள்ளிக்கூடத்த விட்டு வச்சீங்கன்னா, நாளைக்கு மரியாதை இல்லாத ஊர்ல இருக்குற பள்ளிக்கூடத்த எல்லாம் பிரிச்சிடுவீங்க,” என்றாள். “அது இதைவிட மோசம். நீங்க இந்த ஊருக்குத் தௌவு. காலையிலேர்ந்து இங்க இருக்கீங்க. உங்களை ஒருத்தராவது திட்டினாங்களா? அது உங்க மனசுக்கு எப்படி இருந்துச்சு, அத மட்டும் சொல்லுங்க.”

 எரோனி கழுத்து மாலையை விரலால் திருகிக்கொண்டே நின்றார். நான் எந்த ஊரென்று இவர்களுக்குத் தெரியாதோ என்று நினைத்தேன், அல்லது தெரிந்தும் என்னை அந்நியனாக ஒதுக்கிவிட்டார்களோ என்று நினைத்தேன் என்றார். பதவிக்கு வந்ததிலிருந்து என்னை யாரும் திட்டுவதில்லை என்றும் சொன்னார். அதைச் சொன்னபோது அந்தப் பெரிய உடம்புக்குள்ளே இருந்தவர் ரொம்பத் தனியாக இருப்பது தெரிந்தது.

ராம்சேவக்கால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

“நானும் பொழுது விடிஞ்சதிலேர்ந்து வாயக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன்,” என்று எழுந்தார். “இந்த ஆளு வயித்தப் பாரு. அவங்க தீவுக் கடல்ல இருந்த மீனெல்லாம் தின்னு தீர்த்துட்டு, இப்ப எங்க மரவள்ளிக்கிழங்குக்குக் கப்பலேறி வந்துட்டாரு.”

யாரும் சிரிக்கவில்லை. எரோனி திரும்பி அவரைப் பார்த்தார். கிராமத்தார் திட்டியிருந்தால் அது முறை. இவர் கரும்புக்கார இந்தியர். நாட்டின் கல்விச் செயலாளரை எல்லோர் முன்னாலும் வயிற்றைச் சொல்லி ஏசியிருக்கிறார்.  முப்பது வருடத்தில் எந்த ஆய்விலும் நாங்கள் தாண்டிப் பார்க்காத வேலி அது.

“இவரு யாரு என்னத் திட்ட?” என்று எரோனி இசிகேலியைக் கேட்டார். “நீங்க எனக்குத் தௌவு. இவரு இந்தியர். இவருக்கும் எனக்கும் என்ன?”

உனாய்சி இசிகேலியைப் பார்த்தாள்.  

இசிகேலி மெதுவாக எழுந்தார். சலவைச் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டார். காலையிலிருந்து அது அவர் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது.

“இந்தப் பல்லில்லாத கழுதையோட அப்பனை எங்க மண்ணுலதான் எரிச்சோம்,” என்றார். “வெறகு தூக்கினது நான். இவன் எங்காளு. எங்களுக்கு நீ தௌவுன்னா இவனுக்கும் நீ தௌவுதான். புடிக்கலேன்னா எங்களையும் சேர்த்தே தள்ளி வச்சிட்டுப் போ, தொந்தியா.”

சட்டத்திலோ சம்பிரதாயத்திலோ அப்படி ஒன்று எங்கும் இல்லை. தௌவு மூதாதையர் வழி வருவது, யாரும் யாருக்கும் எடுத்துக் கொடுக்க முடியாதது. அதை அந்த மனிதர் தன் தட்டிலிருந்து கிழங்கைப் பிட்டுக் கொடுப்பதுபோலப் பிட்டு ராம்சேவக்குக்குக் கொடுத்துவிட்டார். ராம்சேவக்குக்கே அது புதிது. கண்ணைத் துடைக்கக்கூடத் தெரியாமல் நின்றார்.

எரோனி மாலையைக் கழற்றினார். நேரே நடந்து போய் ராம்சேவக் எதிரில் நின்றார். அவர் தலையிலிருந்த புதுத் தொப்பியை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார்.

“உக்காருடா, கரும்பு தின்னி,” என்றார். “எங்க தீவுல கரும்பு கெடையாது. அதனாலதான் எங்களுக்கெல்லாம் பல்லு இருக்கு.”

அதன் பிறகு நடந்ததை எழுதினால் இந்தப் பத்திரிகையில் போடமாட்டார்கள். காலையிலிருந்து அடக்கி வைத்த வசவெல்லாம் அணை உடைந்த மாதிரி வந்தது. பிள்ளைகள் பெஞ்சில் இடைவெளியை மூடிக்கொண்டு ஒருவர் காலை ஒருவர் மிதித்தார்கள். சாப்பாடு வந்ததும் எரோனி தட்டில் இருந்த மீனை இசிகேலி எடுத்துத் தின்றார். செயலாளர் சிரித்ததற்கு அன்று இருநூறு சாட்சி. பள்ளியைப் பிரிக்கும் யோசனையைத் தள்ளுபடி செய்வதாகவும், உனாய்சியின் ஆய்வைப் படிக்காமல் இனி எந்தக் கலப்புப் பள்ளியையும் யாரும் தொடக்கூடாது என்று உத்தரவு போடுவதாகவும் அந்தத் தொப்பியைப் போட்டுக்கொண்டே சொன்னார். சொன்னபடி போடவும் செய்தார்.

நான் உனாய்சியைத் தேடினேன். படிக்கட்டில் உட்கார்ந்து முகத்தைக் கையால் மூடியிருந்தாள். அழுகிறாயா டாக்டரம்மா, ஜெயித்துவிட்டாய் என்றேன்.  எனக்குப் பெருமையாக இருந்தது. கையில் கிடைத்த வெற்றியைப் பொய் என்று சொல்லித் தூக்கிப்போட ஒரு மனசு வேண்டும், அந்த மனசோடு முப்பது வருடம் வண்டி தள்ளியிருக்கிறேன்.

“நான் கேட்டது அரைக் கேள்வி, குப்பு,” என்றாள். “உனக்கும் அவனுக்கும் நடுவுல என்ன இருக்குன்னே கேட்டுக்கிட்டிருந்தேன். உன் சொந்தக்காரன் வந்து அவனை விரட்டினா நீ எந்தப் பக்கம் நிப்பேன்னு ஒருத்தர்கிட்டயும் கேட்கல.”

மறுநாள் சுவா விமானத்தில் எரோனி மட்டும் ஏறினார். ஓய்வுக்கு இருந்த அந்த இரண்டு மாதத்தையும் உனாய்சி இந்த ஒரு கேள்விக்கே கொடுத்தாள். நானும் அவளும் பஸ் பிடித்துக் கடலோரமாக அடுத்த ஊருக்குப் போனோம். முதல் வீட்டில் ஒரு ஃபிஜியப் பெண், லூசியானா என்று பெயர், வாசலில் வலை பின்னிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டில் நர்சம்மா என்ற இந்திய விதவை குடியிருந்தாள். முறைப்படி வணக்கம் சொல்லி உட்கார்ந்து, உனாய்சி தன் புதுக் கேள்வியை முதன்முதலாகக் கேட்டாள்.

“உங்க அண்ணன் தம்பிங்கள்ல யாராவது வந்து, இந்த நர்சம்மா இங்க இருக்கக் கூடாதுன்னு சொன்னா, நீங்க என்ன செய்வீங்க?”

லூசியானா வலையைக் கீழே வைத்தாள். சுலுவை இழுத்து இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

“எவன் சொன்னது?” என்றாள். “பேரச் சொல்லு.”